கிளறக்கூடாத பானை

எங்கள் வெலி வரோஷ் பேட்டையில் மீன் பானையைக் கிளறுகிறவனை மனிதனாக மதிக்கமாட்டார்கள். மீனை உள்ளே போட்டபின் பானையின் இரண்டு காதையும் பிடித்து ஆட்டலாம். ரொட்டித் துண்டை முக்கி ருசி பார்க்கலாம். கரண்டி மட்டும் விடக்கூடாது. விட்டால் மீன் உடைந்து கூழாகிவிடும், அந்தக் குழம்புக்கு ப்ருதெத் என்று பெயர் சொல்ல முடியாது. எனக்கு முன்னால் பானையை வைத்திருந்த ஸானே, ஒரு வருஷம் அடிப்பிடிக்கிறதோ என்று பயந்து கரண்டியை விட்டுவிட்டார். அன்றே பானை அவர் கையைவிட்டுப் போனது. சாகும்வரை வெங்காயம்தான் உரித்தார்.

அந்தப் பானை பத்தொன்பது வருஷமாக என்னிடம் இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்பிளித்தின் காவல் சாமி துயேவின் மே மாதத் திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்டைக்கும் லூச்சாட்ஸ் பேட்டைக்கும் பந்துருட்டும் போட்டி நடக்கும். யார் ஜெயித்தாலும் மத்தியானச் சாப்பாடு எங்கள் பந்துருட்டுச் சங்கத்தில். இருபத்தெட்டுப் பேர். சமையல் பெப்போ, அதாவது நான். என்னை யாருக்கும் பிடிக்காது, என் ப்ருதெத்தை எல்லோருக்கும் பிடிக்கும். அதனால் ஓடிக்கொண்டிருந்தது.

பானைமேல் கண்ணாக இருந்தவன் குஸ்மா. எங்கள் சங்கத்துக்காரன்தான். பக்கத்து வீடுதான். அதனால்தான் சொல்கிறேன், நம்பக்கூடாது. வருஷா வருஷம் அடுப்புப் பக்கம் வந்து மோப்பம் பிடிப்பான். நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டால் போதும், மறுநாளே அவன் வீட்டு அடுப்படியில் பானை தொங்கும்.

என் மேல்வரிசை பல் செட். அதன் சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அண்ணத்தை மூடிக்கொள்ளும். அண்ணம் மூடினால் உப்பு தெரியாது. ஆகவே ருசி பார்க்கும்போது யாருக்கும் தெரியாமல் கழற்றிவிடுவேன். என் மனைவி டோங்காவுக்கு மட்டும் தெரியும். வீட்டில் தூங்கப் போகும்போது கட்டிலோரம் உள்ள மண் குவளைத் தண்ணீரில் போடுவேன். சங்கத்தில் சட்டைப் பையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெற்குக் காற்று அடித்தது. யூகோ என்போம். யூகோ அடித்தால் முட்டி வலிக்கும், பெண்டாட்டி முறைப்பாள், நல்லவனும் திருடுவான். நான் திராட்சைக் கொடிச் சுள்ளியில் தீ மூட்டி, வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, தக்காளியும் சிவப்பு ஒயினும் கொஞ்சம் வினிகரும் விட்டேன். பல்லைக் கழற்றினேன். ருசி பார்த்தேன். சரியாக இருந்தது. கடல் விலாங்கை அடியில் அடுக்கி, அதன்மேல் சிவப்பு முள்மீனை அடுக்கி, நண்டையும் போட்டேன். பக்கத்தில் இருந்த மண் கூஜாவிலிருந்து இரண்டு கை தண்ணீர் தெளித்தேன். பிறகு பல்லை மாட்டலாம் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

பை காலி.

இன்னொரு பையும் காலி. கால்சட்டைப் பையில் ஒரு ஆணிதான் இருந்தது. மேசைக்கு அடியில், வெங்காயத் தோலில், மீன் செதிலில் எல்லாம் தேடினேன். இல்லை. அப்புறம்தான் உறைத்தது. மீனை அடுக்கும்போது பானைக்குள் தலையை விடுகிற மாதிரி மூன்று தரம் குனிந்திருக்கிறேன். சட்டைப் பை மேல்பக்கம் திறந்த பை.

கரண்டியை விட்டுத் துழாவினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் பானை போய்விடும். துழாவாவிட்டால் இருபத்தெட்டுத் தட்டில் ஏதோ ஒரு தட்டுக்கு என் பல் போகும், அப்போதும் பானை போய்விடும்.

முதலில் குஸ்மாமேல்தான் சந்தேகப்பட்டேன். யார்தான் படமாட்டார்கள்? கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆடுகளத்துக்குப் போனேன். அவன் பந்தைக் கையில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயத் தொறடா."

"எதுக்குடா?"

"தொறன்னா தொற."

திறந்தான். அஞ்சு பல். அஞ்சும் அவனுடையதுதான்.

"என்னடா, குதிரை வாங்குறவன் மாதிரி பாக்குற?" என்றான். அவன் பந்து எங்கேயோ போய் விழுந்தது. அவன் கண் மட்டும் என் கைக்குட்டையை விட்டு நகரவில்லை. அப்போதே எனக்குத் தெரியும், இவன் அடுப்படிக்கு வரப்போகிறான்.

திரும்பி வந்து பானையை ஆட்டினேன். பல் இருந்தால் பானையில் இடித்துச் சத்தம் வருமே என்று காதை வைத்துக் கேட்டேன். நண்டு போட்ட பானை. எல்லாமே கடகடவென்றது. இன்னும் பலமாக ஆட்டினேன். அப்படி ஆட்டும்போதுதான் டோங்கா சோளக்களி அண்டாவோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"விடுய்யா. உன் பல்லு இத்தனை வருஷமா ஊரையே கடிச்சுது. இன்னிக்கு ஊரு அதைக் கடிக்கட்டும்."

இவளைக் கட்டிக்கொண்டு நாற்பத்தொரு வருஷம் ஆகிறது.

அவள் பின்னாலேயே ஹால்வர் வந்தான். நார்வேக்காரன். எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். கதவு நிலையில் இடிக்கிற உயரம், வெயிலில் வெந்த கழுத்து. கையில் எப்போதும் ஒரு சிறு புத்தகம். வெளியூர்க்காரர்கள் இங்கே எதைத் தின்ன வேண்டும், எப்படிக் குடிக்க வேண்டும் என்று அச்சடித்துத் துறைமுகத்தில் கொடுக்கிறார்கள். எங்கள் பேச்சையும் அதைப் பார்த்துத்தான் படித்திருந்தான். பாதிரியார் பிரசங்கம் பண்ணுகிற மாதிரி பேசுவான்.

அவனைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. வெளியூர்க்காரன் கிளறினால் குற்றமில்லை. தெரியாமல் செய்தான், பாவம் என்று விட்டுவிடுவார்கள். பல்லும் அகப்படும், பானையும் மிஞ்சும். கரண்டியை அவன் கையில் கொடுத்தேன். கை வலிக்கிறது, அடிவரை நன்றாக ஒரு சுற்றுச் சுற்றிவிடு என்றேன். பல்லில்லாத வாயில் பாதிதான் வந்தது. அதை அவன் எங்கள் பேட்டைப் பேச்சு என்று நினைத்து ஆசையாகக் கேட்டான். பிறகு புத்தகத்தைப் புரட்டினான்.

"ஐயா, என்னைச் சோதிக்கிறீர்கள். பக்கம் பதினான்கு. ப்ருதெத்தைக் கிளறலாகாது. குலுக்க மட்டுமே செய்யலாம்."

எந்தப் படுபாவி அச்சடித்தானோ தெரியவில்லை. நல்லது, நல்லது என்று அவன் தோளைத் தட்டினேன். கரண்டியைப் பானை மூடிமேல் வைத்துவிட்டு, சுள்ளி எடுக்கப் போகிறேன் என்று வெளியே போய்ச் சுவரோரம் நின்றேன். தனியாக விட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஒரு சிகரெட் முடிகிற நேரம் பொறுத்துத் திரும்பினேன்.

ஹால்வர் பானைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். கரண்டியைக் காணோம். குஸ்மா எதிரே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், அந்த அஞ்சு பல்லையும்.

"யாருடா இவன்? மூடியத் தொறந்து பாக்கக்கூட விடமாட்டேங்குறான்."

"இவர் கரண்டியை எடுக்க முனைந்தார், ஐயா. நான் அதை அடுப்பில் இட்டுவிட்டேன்" என்றான் ஹால்வர்.

சங்கத்தில் இருந்த ஒரே நீளக் கரண்டி அது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயைத் திறக்க முடியாததால் இரண்டும் செய்யவில்லை. எனக்கு மிஞ்சியது பானையின் இரண்டு காதுகள்தான். ஆட்டினேன். சாமி துயேவை வேண்டிக்கொண்டு ஆட்டினேன். போட்டி முடிந்து வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். இப்படி ஒருத்தன் ஆட்டி நாங்கள் பார்த்ததே இல்லை என்று லூச்சாட்ஸ் தலைவர் லோவ்ரே சொன்னாராம். போட்டியில் நாங்கள் தோற்றிருந்தோம். அதை யாரும் எனக்குச் சொல்லக்கூட இல்லை.

கழுத்து வேர்வைமேல் காற்று பட்டால் நோய் வரும் என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். நானே பரிமாறினேன். சின்ன அகப்பையால் மேலாக மொண்டு, ஒவ்வொரு தட்டிலும் விரலால் மீனைத் தள்ளிப் பார்த்து வைத்தேன். பெப்போவுக்கு இன்று என்ன பாசம் என்று கேலி பேசினார்கள். குழம்பு அப்படி ஒரு கெட்டி. ஆட்டின ஆட்டு அப்படி. களியில் ஊற்றினால் ஓடாமல் நின்றது. மீன் மூன்று தரம் நீந்த வேண்டும், கடலில், எண்ணெயில், ஒயினில் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அன்று மீன் நீந்திய ஒயினில் ஒரு படகே மிதக்கும். எல்லோரும் கிளாஸில் பாதி ஒயின், பாதி தண்ணீர் கலந்து குடித்தார்கள். டோங்கா மண் கூஜாவை மூன்று தரம் குழாயில் நிரப்பி வந்தாள்.

நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோவ்ரே எதையோ கடித்து நிறுத்தினார். என் மூச்சும் நின்றது. நண்டுக் கால். குஸ்மா விரலை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்தான். விலாங்கு முள். இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. கடைசியில் பானையைக் கவிழ்த்து ரொட்டியால் துடைத்தேன். பானை சுத்தம். பல் இல்லை.

தலையிலிருந்து ஒரு மலை இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல், வாயைப் பொத்த மறந்து சிரித்தேன். மேசையில் எல்லோரும் என் ஈறைப் பார்த்தார்கள்.

"டேய் பெப்போ" என்றான் குஸ்மா மெதுவாக. "பல்லு எங்கடா?"

அந்த நேரம் பார்த்து டோங்கா கூஜாவின் கடைசித் தண்ணீரை ஹால்வரின் கிளாஸில் கவிழ்த்தாள். கடைசி ஊற்று விருந்தாளிக்கு. தண்ணீர் போனது, கூடவே ஒன்று வழுக்கி வந்து, ப்ளக் என்று சிவப்பு ஒயினுக்குள் விழுந்து, கிளாஸின் அடியிலிருந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

வீட்டில் மண் குவளை. இங்கே கை பழக்கதோஷத்தில் மண் கூஜாவில் போட்டுவிட்டது.

ஒருவர் தன் கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தார். இன்னொருவர் எண்ணிக்கொண்டிருந்தார், எத்தனை குடித்தோம் என்று. ஹால்வர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். பிறகு எழுந்து நின்றான். தலை விளக்கில் இடித்தது.

"எங்கள் நாட்டில் கிறிஸ்துமஸ் நாளன்று பால்சோற்றில் ஒரு பாதாம் பருப்பை ஒளித்து வைப்போம். அது எவருக்குக் கிடைக்கிறதோ அவர் பாக்கியசாலி. இங்கே பல்லை வைக்கிறீர்கள். இந்த வழக்கம் புத்தகத்தில் விடுபட்டிருக்கிறது. நன்றி. பரிசு யாது?"

லோவ்ரே என் பக்கம் சாய்ந்தார். "வழக்கம்னு சொல்லுடா பெப்போ. நான் ஏழு கிளாஸ் குடிச்சிருக்கேன்."

"வழக்கந்தான்" என்றேன்.

இருபத்தெட்டுப் பேரும் வழக்கந்தான், வழக்கந்தான் என்றார்கள். ஆதியிலிருந்து உள்ள வழக்கம் என்று ஒருவர். ஏசு காலத்து வழக்கம் என்று இன்னொருவர். சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி மேசையைச் சுற்றி வந்தது. இரண்டு பேர் நாற்காலியிலிருந்து விழுந்தார்கள். டோங்கா அழுதுகொண்டு சிரித்தாள்.

குஸ்மா மட்டும் நாக்கால் உதட்டை நனைத்தான். "பரிசு இருக்குல்ல. பல்லு யாருக்கு வருதோ, அடுத்த வருஷம் பானை அவருக்கு."

கெட்டிக்காரன். நார்வேக்காரன் நாளைக் காலைக் கப்பலில் போய்விடுவான். அடுத்த மே மாதம் பானைக்கு ஆள் இருக்காது. பக்கத்தில் யார் நிற்பார்கள்? குஸ்மா. வழக்கம் என்று என் வாயாலேயே சொன்னபின் மறுக்கவும் முடியாது.

ஹால்வர் புத்தக ஓரத்தில் அதை எழுதிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "வருவேன். ஆனால் எனக்குக் குலுக்கத் தெரியாதே, ஐயா."

"பானைக்கு ரெண்டு காது இருக்கு தம்பி" என்றேன். "ஒண்ண நீ புடி. இன்னொண்ணு என் கையில இருக்கும். நம்ம வீட்டு மாடி ரூம் உனக்குத்தான், வேற யாருக்கும் விடமாட்டோம்."

குஸ்மா தன் கிளாஸில் தண்ணீர் கலக்காமல் ஒயினை நிரப்பி ஒரே மூச்சில் குடித்தான்.

நான் பல்லை எடுத்து உதறி மாட்டிக்கொண்டேன். டோங்கா எனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள். சாப்பிட்டேன். உப்பு தெரியவில்லை. அவளைக் கேட்டேன். சரியாகத்தான் இருக்கிறது என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. பல்லைக் கழற்றினேன். அதை எங்கே வைக்கிறேன் என்று இருபத்தெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.