தையல்காரரும் டைப்பிஸ்டும்

"இடது காதுல சரியா வைடி. ஆணி அடிக்கிற மாதிரி குத்தாத," என்றார் அண்ணன்.

அவள் இயர்போனை எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தாள். ஆக்சிஜன் குழாய் காதைச் சுற்றிப் போயிருந்ததால் அது நிற்க மாட்டேன் என்று நழுவிக்கொண்டே இருந்தது. நுரையீரலில் கால்வாசிகூட வேலை செய்யவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அண்ணனுக்குப் பிடித்தது சாப்பாட்டில் எதுவும் இல்லை. கிட்டார் கேட்பதும், தங்கச்சியை மட்டம் தட்டுவதும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதற்காக அவள் வேலை முடிந்து தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தாள்.

"ம். போடு."

போனைத் தட்டினாள். ஒரு மூச்சு நேரம்கூட ஓடியிருக்காது, போர்வைக்கு மேலே அண்ணனின் ஆள்காட்டி விரல் எழுந்தது. விரல் எழுந்தால் நிறுத்தவேண்டும், அதுதான் ஆட்டம்.

"வக்கீல்."

அடுத்ததைப் போட்டாள். விரல் எழுந்தது.

"பல்வலி. சின்ன வயசுப் பல்வலி. ஒரு கம்பி சுருதி இறங்கிப்போயிருக்கு, மூடி மறைச்சு வாசிக்கிறான் பாரு, திருட்டுப் பய."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி எழுந்து வந்து முதுகைத் தடவிவிட்டாள். "மூச்சு விட வழியக் காணோம், இதுல அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் போட்டி வேற," என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கிட்டார் என்றால் எல்லாம் ஒரே சத்தம்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அடுக்குமாடியில் வீட்டைக் காலி செய்துபோன யாரோ ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகளை லிஃப்ட் பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் கிட்டார். ஒன்றிலாவது யார் வாசித்தது என்று எழுதியிருக்கவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டுக் கேட்டு, இன்னார் இன்னார் என்று ஆட்களைப் பிரித்து, தாங்களே பெயர் வைத்தார்கள். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அதையே ஏழு விதமாக வாதாடுகிறவன் வக்கீல். ஒவ்வொரு சத்தத்தையும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவது போல இழுக்கிறவன் பல்வலி. எங்கே தொடங்கினது, எங்கே முடிந்தது என்று இணைப்பே தெரியாமல் வாசிக்கிறவர் தையல்காரர். மற்றவர்கள் எல்லாரும் அவன் இவன்தான். தையல்காரருக்கு மட்டும் மரியாதை.

ரொம்ப வருஷம் கழித்து இணையத்தில் தேடி அவர்களின் நிஜப் பெயர்களையும் முகங்களையும் கண்டுபிடித்தார்கள். வக்கீல் கூச்ச சுபாவமாக ஒடுங்கி நின்றார். பல்வலி அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. நிஜப் பெயர்களைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் போன் வந்தது. அவளுக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணன், குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் காதில் இயர்போனைச் சொருகி, "தையல்காரர் புதுசா வாசிச்சிருக்காருடி, கேளு," என்றார். புதிதாக எது வந்தாலும் அவர் தீர்ப்பு மறுநாள்தான் வரும். முதல் தடவை கேட்டு மயங்குகிறது காதின் குற்றம், ஒரு ராத்திரி ஆறப்போட்டுப் பார்க்கவேண்டும் என்பார்.

அவளுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார்.

அந்தக் கேசட்டுகளைக் கேட்டே அவள் கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். லிஃப்ட் கம்பெனி ஆண்டு விழாவில் மேடை ஏற்றியது அண்ணன்தான். வாசித்து முடித்ததும் நல்ல கைதட்டல். அண்ணன் மைக்கை வாங்கி, "கை நல்லாத்தான் ஓடுது. காதுதான் இல்ல. எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட்டும் இதே வேகம்தான்," என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த டைப்பிஸ்ட்டும் சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில், கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், எங்கேயும் அவள் டைப்பிஸ்ட்தான். மறுவாரமே கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டாள். அப்படித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பல் செட்டு செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாக்கி வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போய், கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, மெழுகுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவில் உட்கார்ந்து வாசிப்பாள். கிட்டார் அங்கே அலமாரிக்குப் பின்னால் இருந்தது. இடது கை விரல் நுனியெல்லாம் ஏன் இப்படிக் காய்த்திருக்கிறது என்று யாராவது கேட்டால், பல்லை ராவுகிற வேலை அப்படி என்பாள். முடி நரைக்கும்வரை இப்படியே வாசித்திருக்கிறாள். மேடையும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். அண்ணன் ஒரே ஒரு தடவை அவளைக் கேட்டுவிட்டு, இது தையல்காரர் என்று ஏமாறவேண்டும். அவளுக்கு அது போதும்.

போன மாதம் வாசித்துப் பதிவு செய்தது போனில் இருந்தது. அண்ணனின் இருமல் அடங்கியதும் அதைப் போட்டாள்.

விரல் எழவில்லை.

கொஞ்ச நேரம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கி, குழாயில் பட்டு நின்றது. அம்மா செத்தபோது அழாத மனுஷன். பாட்டு முழுசாக ஓடி முடிந்தது.

"யாருடி இது?" என்றார் அண்ணன்.

இந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"நீயே சொல்லு."

"தையல்காரர்னு நெனச்சேன். இல்ல... அந்த நடு இடத்துல அவர் நிக்க மாட்டாரு. யாருடி?"

"தெரியலையா?"

"தெரியலையே."

தெரியலையே என்ற சொல்லை அவள் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நிதானமாக இயர்போனைக் கழற்றி, வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"இன்னொரு வாட்டி போடு."

"ம்ஹூம். ஒரு வாட்டிதான் ஆட்டம். நீ போட்ட சட்டம்தானே?"

"சரி, பேரையாவது சொல்லித் தொலை."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு நான் இருக்கணுமேடி."

"இருப்ப. எங்க போயிடப் போற?"

அவர் அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். லிஃப்ட் கதவை ஒற்றைக் கையால் நெம்பித் திறந்த கை, இப்போது அதில் பிடி என்று எதுவும் இல்லை. அண்ணிக்கே பொறுக்கவில்லை. "பேருதானே கேக்கறாரு, சொல்லிட்டுப் போயேன்," என்றாள்.

"யோசிக்கட்டும் அண்ணி. யோசிச்சா தூக்கம் வரும்."

பொய். அவர் தூங்கக் கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். அத்தனை வருஷம் அவள் புரண்டு படுத்ததற்கு, ஒரே ஒரு ராத்திரி அவர் புரண்டு படுக்கட்டும். சாகக் கிடக்கிறவரிடம் பாவம் பார்க்கவேண்டிய நேரம்தான். அவள் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நாளைக்கு எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஒரே வார்த்தை. டைப்பிஸ்ட். அதைக் கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து, பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

காலையில் அண்ணன் மகன் போன் செய்தான். "அத்தை, அப்பா போயிட்டாரு."

அவள் போனபோது அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஆக்சிஜன் மெஷினை நிறுத்தியிருந்ததால் வீடு இரைச்சல் இல்லாமல் புதுசாக இருந்தது. லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் நாலைந்து பேர் சுவரோரம் செருப்பில்லாமல் நின்றார்கள். அவள் அண்ணனின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், சொல்லாமல் விட்டுவிட்டேனே என்பதும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிவரை இவருக்குத் தெரியாமலே போய்விட்டது என்பதில் ஒரு மூலையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. தையல்காரர் என்று நினைத்தேன் என்றாரே. அதை இனி யாராலும் திரும்ப வாங்க முடியாது.

அண்ணி சமையலறையில் வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். அவள் போய் டம்ளர்களை எடுத்து வைத்தாள்.

"ராத்திரி ரொம்பக் கஷ்டப்பட்டாரா அண்ணி?"

"கஷ்டமா? நீ போட்டுட்டுப் போன பாட்டு நெனப்புதான் ராத்திரி பூரா. தூங்கவே இல்ல. விரலால போர்வையில தட்டிக்கிட்டு, வாய்க்குள்ளயே முனகிக்கிட்டு... விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்னை எழுப்பி, கண்டுபிடிச்சிட்டேன்னாரு."

அவள் கையில் டம்ளர் நின்றது.

"யாருன்னு சொன்னாரு?"

"இரு, உங்கிட்ட அப்படியே சொல்லணும்னு ரெண்டு வாட்டி சொல்லவெச்சுக் கேட்டாரு. எனக்கு இதெல்லாம் வாயில நுழையுதா? முதல்ல கொஞ்சம் வக்கீல். நடுவுல பல்வலி. மிச்சம் பூரா தையல்காரர். எல்லாம் அடுத்தவங்க சட்டை, கழட்டிப் பார்த்தா உள்ள ஆளே இல்ல. அப்படின்னாரு."

அண்ணி சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டியைத் தேடினாள். கரண்டி அவள் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

"அழுதாரே அண்ணி."

"நானும் அதைத்தான் கேட்டேன். அழுதீங்களேன்னு. ஏமாந்துட்டேன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. சரி, அது யாருதான்னு காலைல அவ வந்ததும் கேட்டுக்குங்கன்னேன். யாரா இருந்தா என்ன, வேணாம், சொல்லவே வேணாம்னுட்டாரு. நிம்மதியாக் கண்ண மூடினாரு. அதோட சரி." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "கடைசி ராத்திரி வலி தெரியாமப் போச்சு. எல்லாம் உன்னாலதான். நீ நல்லா இருப்ப."

அவள் காபித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஒவ்வொருவருக்கும் நீட்டினாள். நேற்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியபோது சொல்லியிருந்தால், கண்ணில் ஈரத்தோடு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருப்பார். வேறு வழி இருந்திருக்காது. ஒரு ராத்திரி கிடைத்தால் அவர் என்ன செய்வார் என்பது உலகத்திலேயே அவளுக்குத்தான் தெரியும். தெரிந்தும் அந்த ராத்திரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனது அவள்தான். படுத்திருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல ஆத்திரமாக வந்தது. சாகிறபோதாவது வாயை மூடிக்கொண்டு செத்திருக்கக் கூடாதா? அவர் சொன்னது தப்பு என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். நடு இடத்தில் வாசித்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பல்வலிதான். முதல் பகுதி வக்கீல். அவளுக்கும் காது இருக்கிறது என்பது அந்த நேரத்தில்தான் நிரூபணமாக வேண்டியிருந்தது.

வண்டி வரத் தாமதமாகிக்கொண்டே இருந்தது. பேச்சு தீர்ந்துபோய் எல்லாரும் போனைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் மகன் உள்ளேயிருந்து ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அண்ணனின் தலைமாட்டில் வைத்தான்.

"அத்தை, நேத்து அப்பா கேட்டு அழுதாராமே, அதைப் போடுங்க. அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. அதைக் கேட்டுக்கிட்டே போகட்டும்."

"போடும்மா," என்றார் கம்பெனிக்காரர்களில் பெரியவர். "அவர் காதுக்கே பிடிச்சுதுன்னா சாதாரணப்பட்டதா இருக்காது."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் போனை எடுத்தாள். அவளுடையது வரிசையில் முதலில் இருந்தது. அதன் மேல் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே தள்ளி, தையல்காரர் வாசித்த ஒன்றைத் தொட்டாள்.

கிட்டார் கூடம் முழுக்கப் பரவியது. வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். காபிக் கையோடு வந்த அண்ணி, நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"இதேதான்," என்றாள் அண்ணி, எல்லாருக்கும் கேட்கும்படி. "நேத்து இதைக் கேட்டுத்தான் அழுதாரு. ராத்திரி பூரா முனகினதும் இதுதான்."

அவள் சட்டென்று அண்ணனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் பத்தல," என்றாள் அண்ணி. "இன்னும் கொஞ்சம் கூட்டி வை."

அவள் கூட்டி வைத்தாள்.