வீடு முழுக்கப் பச்சை

அலுவலகத்தில் அவளுக்கு மாமியார் என்று பட்டப்பெயர். யார் எந்தச் செயலித் திரையை வடிவமைத்துக் காட்டினாலும் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிடுவாள். பொத்தான் ஒரு நூல் தள்ளியிருந்தால் போதும், அன்றைக்கு வடிவமைத்தவர் பாடு திண்டாட்டம்தான். அப்பேர்ப்பட்டவள் தானே எழுதிய ஒரு விதியில் மட்டும் எந்தக் குற்றமும் காணவில்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது குடும்பங்களுக்கான ஒரு செயலி. மருந்து வாங்குவது, பிளம்பர் வரும்வரை வீட்டில் காத்திருப்பது என்று எல்லா வேலையையும் அதில் போட்டுவிடலாம். வீட்டிலுள்ள அத்தனை பேர் போனிலும் தெரியும். யாரும் எடுக்காத வேலை சிவப்பாக இருக்கும். ஒருவர் தொட்டு ஏற்றுக்கொண்டால் பச்சையாகிவிடும். சோதித்துப் பார்க்கக் கொடுத்த வீடுகளில் எல்லாம் ஒரே புலம்பல். சிவப்பைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது, திறக்கவே மனம் வரவில்லை என்றார்கள். அப்போதுதான் அவள் அந்த விதியை எழுதினாள். ஒரு வேலையைச் செய்ய வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வரை யாரும் தொடவில்லை என்றால், அது செயலியில் அந்த வீட்டுக் கணக்கைத் தொடங்கியவர் பெயருக்குத் தானாகப் போய்ப் பச்சையாகிவிடும். மேலாளர் மேசையைத் தட்டிக் குஷியானார். கணக்கைத் தொடங்குவது எந்த வீட்டிலும் யாராக இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும்தான் கேட்டுக்கொள்ளவில்லை, புத்திசாலி.

தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தன் வீட்டிலும் அதைக் கொண்டுவந்து இறக்கினாள். கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், கூடவே இருக்கும் கொழுந்தன், மூன்று பேர் போனிலும் அவளே ஏற்றிக் கொடுத்தாள். இனிமேல் என்னிடம் வாயால் எதுவும் சொல்லாதீர்கள், எதுவானாலும் ஆப்பில் போடுங்கள் என்று கறாராகச் சொன்னாள். கொஞ்ச நாள் போட்டி போட்டுக்கொண்டு தொட்டார்கள். குப்பையை வெளியே வைத்துவிட்டு வந்த கொழுந்தன் ஏதோ மலையைப் புரட்டியவர் மாதிரி சோபாவில் சாய்ந்தார். அப்புறம் மூவருக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. சும்மா இருந்தால் போதும், எல்லாம் தானே பச்சையாகிவிடும். துணி மடிப்பது முதல் அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்துவது வரை அத்தனையும் அவள் தலையில் வந்து விடிந்தது. முன்பும் அவள்தான் செய்தாள். ஆனால் முன்பு கத்தித் தீர்க்கவாவது வழி இருந்தது. இப்போது யாரைப் பார்த்துக் கத்துவது?

இந்த நேரத்தில்தான் மார்பில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. மயக்கம் கொடுத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், வியாழக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும், துணைக்கு ஒருவர் கட்டாயம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னபோது மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் இருக்காது என்று கணவர் தைரியம் சொன்னார். கூட யாராவது வரணுமே என்றாள்.

"ஆப்ல போட்டுடு," என்றார் அவர்.

அவர் குத்திக்காட்டவில்லை. அவள் போட்ட சட்டத்தைத்தான் திருப்பிச் சொன்னார். போட்டாள். மூவரில் ஒருவர் பெயரைக் குறித்துப் போட்டிருக்கலாம். குறிக்கவில்லை. கேட்காமலே ஒருவர் வரவேண்டும் என்று இருந்தது அவளுக்கு. யார் தொடுவார்கள் என்று கூட்டங்களுக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். சிவப்பாகவே கிடந்தது.

வியாழக்கிழமை கண் விழித்ததும் பார்த்தால் பச்சை. எப்படியும் மகளாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் தொட்டுத் திறந்தாள். 'அம்மாவுடன் மருத்துவமனைக்குப் போவது' என்ற வரிக்குப் பக்கத்தில் அவளுடைய படமே சிரித்துக்கொண்டிருந்தது.

எழுப்பிக் கேட்டிருந்தால் யாராவது எழுந்து வந்திருப்பார்கள். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பையை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டாள்.

மருத்துவமனையில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான். யாரும் இல்லை என்றதும், துணை இல்லாமல் மயக்கம் கொடுக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் கணவருக்குப் போன் செய்தாள். அவர் அதற்குள் வேலைக்குப் போயிருந்தார்.

"தனியாவா போன? பச்சையா இருந்துச்சே. யாரோ கூட வர்றாங்கன்னு நினைச்சேன்."

"யாருன்னு பாத்தீங்களா?"

"அதை எதுக்குப் பாக்கணும்? பச்சையாயிட்டா கவலையை விடுங்கன்னு நீதானே சொல்லிக்கொடுத்தே."

அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. இன்னொரு தேதி வாங்கிப் போட்டுவிடு, இந்தத் தடவை முதல் ஆளாக நானே தொடுகிறேன் என்று அவர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாள். அழுகை வந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள்.

நர்ஸ் அடுத்த வாரத்துக்குத் தேதி குறித்துவிட்டு, துணைக்கு வருகிறவர் பெயரைச் சொல்லச் சொன்னார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "கூட இருக்கறதுக்கு இங்க கூலிக்கு யாராவது கிடைப்பாங்களா, சிஸ்டர்?"