நூற்றிரண்டு பாகை

1.

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். எரிச்சலில் பிறந்தது. போன கிழமை, 1981 ஆவணியில், எனக்குச் 'சிறந்த விஞ்ஞான ஆசிரியர்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் புழுக்கத்தில் பொன்னாடை! வியர்வை எப்படி ஆவியாகும் என்று ஒரு மண்ணும் தெரியாத கூட்டம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'திருகோணமலைத் துறைமுகத்தில் அந்திச் சூரியன் தன் செங்கதிர்களை…'

சீ! [நடந்தது காலை பத்தரைக்கு.]

2.

1965. துறைமுகத்தை ஒட்டிய பள்ளிக்கூட ஆய்வுகூடம். பல்கலைக்கழகப் புகுமுகச் செய்முறைப் பரீட்சை. முகவையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பரீட்சகர் முன்னால் கொதிநிலையை வாசிக்க வேண்டும். பரீட்சகர் அருளம்பலமோ பக்கத்து அறையில் முக்கால் மணித்தியாலமாகத் தேத்தண்ணீர் குடித்தார். கொழும்பிலிருந்து வந்த களைப்பாம்!

தண்ணீர் வற்றி மூன்றிலொரு பங்காகிவிட்டது. வெப்பமானிகள் நூற்றிரண்டு காட்டின. ஒன்பது பேர் நூறு என்று எழுதினோம். புத்தகத்தில் நூறுதானே.

திரியாயிலிருந்து பஸ்ஸில் வந்த குணேஸ்வரி மட்டும் 102 எழுதினாள். (அவளை அழகி என்று எழுதிப் பார்த்தேன். பொய். முகமெல்லாம் பரு.) இந்தத் தடவையும் சித்தியடையாவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

3.

அருளம்பலம் வந்தார். வெப்பமானியைப் பார்க்கவில்லை, அவளுடைய தாளைப் பார்த்தார்.

“தண்ணி நூறிலதான் கொதிக்கும், பிள்ளை. வெட்டிப்போட்டு எழுதும்.”

“நூற்றிரண்டில நிக்குது, சேர். நீங்களே பாருங்கோ.”

“எனக்குப் படிப்பிக்கிறீரோ?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “பாக்கியரத்தினம், உம்மட எவ்வளவு காட்டுது?”

என் கண்ணுக்கு முன்னால் நூற்றிரண்டு.

“நூறு” என்றேன்.

அவள் வெட்டி எழுதவில்லை.

4. (அடிக்குறிப்பாகப் போட்டு ஒளிக்க நினைத்தது)

முகவையைக் கழுவப் போனால் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்பு. ஆய்வுகூட உதவியாளர் ஸெய்னுதீன் காதுக்குள் சொன்னார்:

“நல்ல தண்ணி ஒரு வாளிதான் இருந்திச்சு, தம்பி. அது பரீட்சகர்ர தேத்தண்ணிக்கு வேணும். கொதிக்கப்போற தண்ணிதானே எண்டு உங்களுக்குக் கடல் தண்ணிய ஊத்திட்டன். ஒருத்தருக்கிட்டயும் சொல்லிராதீங்க.”

உப்புத் தண்ணீர் நூறைத் தாண்டித்தான் கொதிக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு மிஞ்சும், வற்ற வற்றக் கொதிநிலை ஏறும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். அருளம்பலம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. ஓடிப்போய் இரண்டு வசனம் சொன்னால் போதும்.

நான் உப்பைத் தேய்த்துக் கழுவினேன். நல்ல சுத்தமாகக் கழுவினேன்.

5.

முடிவு ஒன்று: நான் ஓடிப்போய்ச் சொல்கிறேன், அவள் சித்தியடைகிறாள். வெட்கங்கெட்ட முடிவு.

முடிவு இரண்டு: அவள் பேராசிரியையாகி என்னை மன்னிக்கி… வேண்டாம். அது என் நித்திரைக்கு நானே போடும் குளிசை.

நடந்தது: நான் சித்தியடைந்தேன். அவளுக்கு வைகாசியில் கல்யாணம்.

போன கிழமை, விழா முடிந்ததும், பதினாலு வயது மகளோடு என் முன்னால் வந்து நின்றாள். மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாளாம். எனக்குத் தெரியாது.

“மாஸ்டர், அண்டைக்கு உங்கட வெப்பமானி உண்மையில எவ்வளவு காட்டினது?”

பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் பதிலை நீங்கள் எழுதுங்கள். என்னிடம் விட்டால் நூறு என்றுதான் எழுதுவேன்.