கனைப்பின் வாளி

கண்ணுகளா, வாயில் எதையாவது மென்றுகொண்டிருந்தால் விழுங்கிவிட்டுக் கேளுங்கள். வயிற்றைப் புரட்டினால் அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

மாமனாரின் வெள்ளிப் பட்டறையில் நல்ல வெளிச்சமுள்ள மேசை ஜன்னலோர மேசை ஒன்றுதான். கண் மங்கியதும் அவர் அதை விட்டு எழுந்துவிட்டார். இனி அங்கே உட்காரப்போவது மூத்த மருமகளா, இளைய மகனா?

"யார் அடிக்கிற கிண்ணம் விரிசல் விடாம வருதோ, அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டார். அதுவரை மருமகளுக்கு இடம் கழிப்பறைக் கதவோரம்.

இளைய மகனைத் தெருவே 'கனைப்பு' என்றுதான் அழைக்கும். அடித்தொண்டையிலிருந்து காறி இழுப்பான். துப்புவது எங்கே? சூடான வெள்ளியை முக்குகிற வாளியில். மருமகள் தனக்கென்று ஒரு வாளி வாங்கி வந்தாள். மறுநாளே அதிலும் மிதந்தது.

செம்பு கலந்த வெள்ளி தட்டத் தட்ட இறுகி விறைத்துக்கொள்ளும். விடாமல் தட்டினால் விளிம்பு விரிசல் விடும். அதனால் நடுநடுவே தீயில் காட்டி, மங்கலாகச் சிவந்ததும் தீயை விலக்கி, அந்தச் சிவப்பு அடங்கிய பிறகு தண்ணீரில் முக்க வேண்டும். மறுபடி சொன்னபடி வளையும். கனைப்புக்கு அந்தப் பொறுமை ஏது? தகதகவென்று இருக்கும்போதே முக்கினான். அவன் கிண்ணம் வாயைப் பிளந்துகொண்டது.

மருமகளுடையது விரிசல் விடவில்லை. ஆனால் முக்கும்போதெல்லாம் சுர்ரென்று ஆவி கிளம்பி முகத்தில் அடிக்கும். புகையிலையும் புளித்த வாயும் சேர்ந்து வெந்த நாற்றம். குறட்டின் நுனியில் கொழகொழவென்று நூலாகத் தொங்கும். முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்து முடித்தாள்.

மாமனார் கிண்ணத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கும்மா."

"மாமா, இதுக்கு ஆர்டர் குடுத்த டாக்டரம்மாவோட அம்மா இதுல பால் குடிக்கப் போறாங்க. எனக்குக் குடுக்க மனசு வரல. அந்த வாளியைப் பாருங்க."

கனைப்பு சிரித்தான். "அண்ணி, தீயில போயிட்டு வந்ததுக்கு எச்சில் ஏது? ஆசிட்ல வேற போட்டு எடுக்கிறோம்."

"தீ வெள்ளியைச் சுத்தம் பண்ணும் தம்பி. உங்க வாயை?"

"எல்லாம் சுத்தந்தான்!"

"அப்ப அந்த வாளியிலேயே ஒரு கிண்ணம் மொண்டு குடிங்க, பாப்போம்."

பின்வாங்குவான் என்றுதான் நினைத்தாள். அவன் ஜன்னலோர மேசையை ஒரு பார்வை பார்த்தான். அவள் அடித்த கிண்ணத்தையே எடுத்து முக்கினான். அடியில் கிடந்த கறுப்பு மண்டியோடு, மேலே மிதந்ததோடு, மடக் மடக்கென்று குடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஆயிடுச்சு இப்போ?" என்றான்.

மாமனார் குழாயடிக்கு ஓடினார். குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரிப்பது உள்ளே வரைக்கும் கேட்டது. திரும்பி வந்தவர் மகன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"டேய், வாளியைத் தூக்கிக்கிட்டு அந்தக் கழிப்பறைப் பக்கம் போ. அங்கேயே துப்பு, அங்கேயே குடி. ஜன்னல்கிட்ட வந்தே, காலை ஒடிச்சிடுவேன்."

மேசை மருமகளுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கிண்ணத்தை அவள் கையால் தொடவில்லை. குறட்டால் தூக்கி மூசையில் போட்டு உருக்கினாள். முதலிலிருந்து அத்தனை வேலையும் மறுபடி.

"இன்னும் ஆகலையா?" என்று டாக்டரம்மா வந்து கேட்டார்.

"கொஞ்சம் அழுக்கு பட்டுடுச்சும்மா. வேற அடிக்கிறேன்."

புது வாளி அவள் கால்களுக்கு நடுவே இருந்தது. கழிப்பறைப் பக்கமிருந்து கனைக்கும் சத்தம் வந்தது. சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டாள்.