ஏழு வீட்டு விருந்தும் ஒரு கடலும்

சூளையை அணைத்துவிட்டால் அது ஆறும்வரை கார்முகிலுக்கு வேலை கிடையாது. அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் சாமான்கள் காற்றுப் பட்டு டிங் டிங்கென்று விரிசல் விடும். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத பூங்கோதைக்கு இந்த விதி ரொம்பவே பிடித்துப் போயிருந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீங்க சும்மாதானே?" என்று புருஷனைக் கேட்டாள்.

"சும்மாதான். ஏன்?"

"மெட்ராசு போலாம்."

பூங்கோதை வேப்பூர்க்காரி. சென்னைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் அவள் ஊரில் நின்று, டீ குடித்துவிட்டுத்தான் போகும். அத்தனை பஸ்ஸுக்கும் கையாட்டி வளர்ந்தவள் ஒன்றில்கூட ஏறிச் சென்னைக்குப் போனதில்லை. மெட்ரோ ரயிலில் ஏற வேண்டும், எழும்பூர் மியூசியம் பார்க்க வேண்டும், பெரிய மாலில் நகரும் படிக்கட்டில் மேலே போய்க் கீழே வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எல்லாவற்றுக்கும் மேலே கடல். அதில் கால் நனைய நிற்க வேண்டும். பக்கத்தில் கார்முகில் மட்டும் நிற்க வேண்டும்.

அந்த 'மட்டும்' என்பதுதான் முக்கியம். அவர்கள் வீட்டில் ஆறு பேர். தங்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு "மணி என்னங்க?" என்று அவள் மெல்லக் கேட்டால், கூடத்திலிருந்து மாமியார் விருத்தாம்பாள் "எட்டரை ஆவுதும்மா" என்று பதில் சொல்வார். நல்ல மாமியார்தான். காதுதான் கொஞ்சம் அதிகம்.

"போலாம்தான்," என்று தலையைச் சொறிந்தான் கார்முகில். "ஆனா விருந்து இருக்குதே கோதை."

பூங்கோதைக்கு முகம் விழுந்துவிட்டது. புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒரு ஊருக்குப் போனால், அந்த ஊரிலுள்ள சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் விருந்து சாப்பிட்டாக வேண்டும். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு இன்னொரு வீட்டை விட்டால் அந்தக் கோபம் பேரன் காதுகுத்து வரைக்கும் நிற்கும். சென்னையில் இவர்களுக்கு அம்பத்தூரிலிருந்து தாம்பரம் வரை ஏழு வீடு.

மூத்த ஓர்ப்படி தென்றல் போன வருஷம் அப்படிப் போய்விட்டு வந்தவள்தான். பூங்கோதை அவளிடம் போய், "அக்கா, மெட்ராஸ்ல என்னென்ன பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஏழு வூட்டு டைனிங் டேபிளு பாத்தேன்," என்றாள் தென்றல், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "போரூர்ல பாயசத்துல ஏலக்காய் தூக்கலா இருந்துது. கடலா? பஸ்ஸுல போவும்போது 'அதோ கடலு'ன்னாரு உங்க மாமா. நான் அப்ப ஏப்பம் விட்டுட்டிருந்தேன். திரும்பறதுக்குள்ள போயிடுச்சு."

அன்று மாலை மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதுதான் பூங்கோதைக்கு அந்த யோசனை வந்தது. புருஷனின் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடகடவென்று படியிறங்கினாள்.

"என்னங்க, நாம விரதம் இருக்கோம்."

"நான் இப்பதான் நாலு போண்டா தின்னேன்."

"நாளையிலேர்ந்து. கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கிட்டோம். மூணு நாளைக்குப் பட்டினி விரதம், வெளிய யார் வூட்லயும் கை நனைக்கக் கூடாது. சாமி விஷயம், எந்தச் சொந்தக்காரங்க கோவிச்சுக்குவாங்க?"

கார்முகில் அவளையே பார்த்தான். பயமும் மரியாதையும் கலந்த பார்வை. மணவாளநல்லூரில் உட்கார்ந்துகொண்டு ஊர் உலகத்துப் பிராதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் கொளஞ்சியப்பர் பேரைச் சொல்லிவிட்டால் விருத்தாசலத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அவர் பேரில் பொய் சொல்லவும் யாருக்கும் தைரியம் வராது. அவன் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு வந்திருக்கிறது.

விருத்தாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"விரதமா? திடீர்னு என்னா வேண்டுதல்?"

"வெளிய சொன்னா பலிக்காது அத்தை," என்று தலையைக் குனிந்துகொண்டாள் பூங்கோதை.

புது மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல முடியாத வேண்டுதல் என்னவாக இருக்கும்? விருத்தாம்பாள் முகம் அப்படியே மலர்ந்து போயிற்று. பூங்கோதை இதைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. புரிந்த பிறகு, மறுத்துச் சொல்லவும் இல்லை.

"சரி, தங்கறதாச்சும் பெரியம்மா வூட்ல தங்குங்க."

"வேற வூட்ல படுக்கவும் கூடாதும்மா," என்றான் கார்முகில்.

"யாருடா சொன்னா?"

"பூசாரி."

அவனும் தேறிவிடுவான் என்று பூங்கோதைக்கு நம்பிக்கை வந்தது. எழும்பூரில் ஒரு லாட்ஜில் அறை சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை விடிகாலையில் விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறினார்கள். விழுப்புரம் வரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். விழுப்புரத்தில் இட்லியும் வடையும் வாங்கித் தின்றுவிட்டு மறுபடி சிரித்தார்கள்.

எழும்பூரில் இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பிளாட்பாரத்தில், மெரூன் கலர் பட்டுப்புடவையும் நெற்றி நிறைய விபூதியுமாக, கையில் தேங்காய் பழப் பையோடு நின்றுகொண்டிருந்தார் சொர்ணாம்பாள். விருத்தாம்பாளின் அக்கா. அம்பத்தூரில் முப்பது வருஷமாகக் குடியிருப்பவர். ஏழு வீட்டில் முதல் வீடு அவருடையதுதான்.

"விருத்தா ஃபோன் பண்ணி எல்லாம் சொல்லிட்டா!" என்று பூங்கோதையின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தார். "சாப்பிட வேணாம், தங்க வேணாம். கோயிலுக்குப் போவலாம்ல? விரதம் இருக்கற பிள்ளைங்களை மெட்ராஸ்ல தனியா வுட்டுடுவேனா? மொதல்ல வடபழநி."

"பெரியத்தை, உங்களுக்கு எதுக்குச் செரமம்..." என்று இழுத்தாள் பூங்கோதை.

"என்னாடி செரமம்? நீங்க பட்டினி கெடக்கும்போது எனக்கு மட்டும் எறங்குமா? நானும் காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி பல்லுல படல."

"உங்களுக்கு சுகர் இருக்குதே பெரியம்மா," என்றான் கார்முகில் திகைத்துப் போய்.

"அதை முருகன் பாத்துக்குவாரு."

இறங்கிய இடத்திலேயே மெட்ரோ இருந்தது. நேராக வடபழநிக்கே போகும் என்று பலகை சொன்னது. பூங்கோதை அதைக் காட்டினாள்.

"பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீயா இருக்கும்போது அதுல எதுக்கு?" என்று நடந்தார் பெரியத்தை. தலைக்கு மேலே ஓடிய மெட்ரோவைப் பஸ் ஜன்னல் வழியாகக் கழுத்தொடிய அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனாள் பூங்கோதை. மூன்று பேரில் டிக்கெட் எடுத்த ஒரே ஆள் கார்முகில்தான். உட்கார இடம் கிடைக்காத ஒரே ஆளும் அவன்தான்.

வடபழநியில் பிரகாரம் சுற்றச் சொல்லிவிட்டு, "செருப்பைப் பாத்துட்டு வரேன், இந்த ஊர்ல நம்ப முடியாது," என்று பெரியத்தை வெளியே போனார். திருவல்லிக்கேணிக்கு ஓடி, நடை சாத்துவதற்குள் பெருமாளைப் பார்த்தார்கள். அங்கேயும் செருப்பைப் பார்க்கப் போய்விட்டு வந்தார். விழுப்புரத்து இட்லி எப்போதோ கரைந்துவிட்டது. பூங்கோதைக்குக் கோபுரத்துப் பொம்மைகள்கூடக் கையில் எதையோ வைத்துத் தின்பது போலத் தெரிந்தது.

அங்கிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ. கடற்கரைச் சாலையில் திரும்பியதும் இடது பக்கம் மணல் விரிந்தது. அதற்கு அப்பால் நீலமாக ஒரு கோடு.

"என்னங்க, கடலு!"

"இங்க என்னா இருக்குது, வெறும் வெயிலு," என்று பெரியத்தை முந்தானையை எடுத்து அவள் தலைமேல் குடையாகப் பிடித்தார். அன்போடுதான் பிடித்தார். ஆனால் பிடித்த பக்கம் இடது பக்கம். மெரூன் பட்டுக்குப் பின்னால் மெரினா முழுவதும் போய் முடிந்தது. தென்றலுக்காவது ஏப்பம் மிஞ்சியது.

மயிலாப்பூர்க் குளக்கரையில், சாயங்காலம் நடை திறக்கும்வரை நிழலில் உட்கார்ந்தார்கள். எந்த மெஸ்ஸிலோ வத்தக்குழம்பு கொதித்தது. கார்முகில் பூங்கோதையின் காதோரம் குனிந்தான்.

"நாலு மணிக்குக் கபாலீஸ்வரர். அப்புறம் இன்னும் மூணு கோயிலு. நாளைக்குத் திருவொற்றியூர், நாளான்னிக்கு மாங்காடாம். உன் யோசனை எப்படி?"

"நீங்கதானே பூசாரின்னீங்க?"

"அது நீ கொளஞ்சியப்பர்ன்ன பின்னாடி!"

அப்போதுதான் பூங்கோதை பெரியத்தையைப் பார்த்தாள். அவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்று, விபூதி வழிந்திருந்தது. முந்தானையால் மெல்ல விசிறிக்கொண்டிருந்த கையும் நின்றுபோயிற்று.

பூங்கோதைக்குத் தன் பசி மறந்துபோயிற்று. சுகர் உள்ளவர், தன் பொய்க்காகக் காலையிலிருந்து பட்டினி. ஏதாவது ஆகிவிட்டால்? உண்மையைச் சொன்னால் கடல் போய்விடும். ஏழு வீட்டுக்கும் இலை போட்டுவிடுவார்கள். மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? எழுந்தாள். கார்முகில் கண்ணாலேயே வேண்டாம் என்றான். அவள் அந்தக் கண்ணைப் பார்க்கவே இல்லை.

"பெரியத்தை, எழுந்திரிங்க. வாங்க சாப்பிடலாம்."

"விரதம்டி..." கண் திறக்கவில்லை.

"விரதம் இல்ல. வேண்டுதலும் இல்ல. எல்லாம் நான் சொன்ன பொய்யி. ஏழு வூடு விருந்து தின்னா கடலு பாக்க முடியாதேன்னு சொல்லிட்டேன். இவரு மேல தப்பில்ல. திட்டறதுன்னா சாப்பிட்டுட்டுத் திட்டுங்க. எழுந்திரிங்க."

சொர்ணாம்பாள் கண்ணைத் திறந்தார். பூங்கோதையைப் பார்த்தார். அவள் புருஷனைப் பார்த்தார். அவன் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொளஞ்சியப்பர் பேர்லயா பொய் சொன்ன?"

"ஆமாங்க."

"அடிப்பாவி," என்றார். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பூங்கோதை பதறிக் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், வளையல் மட்டும் கலகலக்க.

"வடபழநியில செருப்பைப் பாக்கப் போனேன்ல? ரெண்டு இட்லி, ஒரு வடை. திருவல்லிக்கேணியில போண்டா, சக்கரை போடாத காப்பி. பின்ன, மாத்திரையை வெறும் வயித்துலயா போடுவாங்க? இப்ப கண்ணு சொக்குனது பசியில இல்லடி, நடந்த களைப்புல தூக்கம் வந்துச்சு."

"பெரியம்மா!" என்றான் கார்முகில், ஏமாந்த குரலில். அன்று உண்மையிலேயே பட்டினி கிடந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"என்னாடா பெரியம்மா? நம்ம ஜனத்துல எந்த ஜோடி மெட்ராசு வந்தாலும் மொத இலை எங்க வூட்லதான். எத்தினி வடை சுட்டிருப்பேன், எத்தினி பாயசம் காச்சியிருப்பேன்! நீங்க கை நனைக்க மாட்டீங்கன்னு விருத்தா சொன்னப்ப வாய்தான் 'ஐயோ, அப்படியா'ன்னுச்சு. ஃபோனை வெச்சிட்டு ஒரு ஆட்டம் போட்டேன். கோயிலுக்குன்னா உங்க பெரியப்பாவும் கேக்க மாட்டாரு. அதான் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்."

மெஸ்ஸில் மூன்று இலை போட்டார்கள். கார்முகில் குழம்பு வந்த பீங்கான் கிண்ணத்தைக்கூடத் தூக்கித் திருப்பிப் பார்க்கவில்லை. எங்கே சாப்பிட்டாலும் கிண்ணத்தின் அடியில் எந்த ஊர்ச் சரக்கு என்று பார்ப்பவன் அவன். அவ்வளவு பசி. வெயில் தாழ்ந்ததும், பெரியத்தையே ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். "பீச்சுக்கு வுடுப்பா."

மணலில் கால் புதையப் புதைய நடந்து, முதல் அலை பாதத்தைத் தொட்டதும் பூங்கோதை ஒரு கத்து கத்தினாள். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியத்தையின் போன் அடித்தது. விருத்தாம்பாள்.

"அக்கா, பிள்ளைங்க எப்படி இருக்குதுங்க?"

"வாடி வதங்கிப் போச்சுங்க பாவம். சொட்டுத் தண்ணி குடிக்கல."

"அது என்னாக்கா, தண்ணி சத்தம் அப்படிக் கேக்குது?"

சொர்ணாம்பாள் வங்கக் கடலை மேலும் கீழும் பார்த்தார்.

"அபிஷேகம் நடக்குதுடி," என்றார். "பெரிய அபிஷேகம். வெச்சிடு, அப்புறமா பேசறேன்."

கார்முகில் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"விரதம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்," என்று போனை இடுப்பில் செருகினார் பெரியத்தை. "மத்த ஆறு வூட்டுக்கும் நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா நாளைக்குக் காலையில அந்த மெட்ரோ, அந்த நகருற படிக்கட்டு எல்லாத்துக்கும் நானும் வருவேன். முப்பது வருசமா இந்த ஊர்ல இருக்கேன், ஒண்ணுத்தையும் பாத்ததில்ல."

"வாங்க பெரியத்தை," என்றாள் பூங்கோதை. அப்புறம் ஒரு நொடி தயங்கிவிட்டு, தைரியமாகவே கேட்டாள். "காலையில எல்லாம் நீங்க இருங்க. சாயங்காலம் மட்டும்..."

"சாயங்காலம் மட்டும்?"

"கொஞ்சம் செருப்பைப் பாத்துக்கறீங்களா?"

பெரியத்தை அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். பிறகு குனிந்து, மூன்று ஜோடிச் செருப்பையும் ஒரே கையில் கோத்துக்கொண்டு மணலில் ஏறிப் போனார். மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரரிடம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கினார். கடைக்காரர் அதைக் கடலைப் பார்க்கப் போட்டார். பெரியத்தை நாற்காலியைத் தூக்கி, மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மெட்ராஸைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். அத்தனை கூட்டத்துக்கும் நடுவே, மெரூன் பட்டு உடுத்த அந்த அகலமான முதுகு, அவர்களுக்கென்றே சாத்தி வைத்த கதவு மாதிரி இருந்தது.

அவள் புருஷனின் ஈரக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பிறகு அதை விடவில்லை.

"மணி என்னங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. கார்முகில்கூட.