அப்பாவின் மஞ்சள் திரை

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டியாவது தன் சங்கை ஊதினான். என் அண்ணன் கை வைத்தது அப்பாவின் கம்ப்யூட்டரில். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்ததில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. மண்டைக்குள் எல்லாச் சொல்லும் இருக்கிறது, நாக்குதான் சொன்னபடி கேட்பதில்லை. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் அவர் தலையாட்டினால் ஆமாமா இல்லையா என்று யாருக்கும் பிடிபடாது. பார்வையிலும் வலது பாதி கிடையாது. சாப்பாடு வைத்தால் இடது பாதியைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிடுவார்.

நான் அவர் மகள், ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் டெக்னீஷியன். வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, ஒரு தொடுதிரையையும் இணைத்து அப்பாவின் மேசையில் வைத்தேன். லினக்ஸில் ஒரு சௌகரியம் உண்டு. திரையில் தெரிகிற மெனு, பட்டை, பட்டன், ஜன்னல் எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை. அதற்கு டெஸ்க்டாப் என்று பெயர். பிடிக்கவில்லை என்றால் அந்த மூட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம், பைசா செலவில்லை. இருப்பதிலேயே எளிய ஒன்றை மாட்டி, நானும் அப்பாவும் உட்கார்ந்து அதை அவருக்காக வளைத்தோம். எல்லாவற்றையும் இடது பக்கம் கொண்டுவந்தோம். பட்டன்கள் உள்ளங்கை அகலத்துக்கு. ஒன்றை அழுத்தினால் 'தண்ணி வேணும்' என்று கம்ப்யூட்டர் பேசும். இன்னொன்று 'வலிக்குது'. இன்னொன்று 'டிவியை நிறுத்து'. அவருக்கு ரொம்பப் பிடித்தது 'உன் வேலையைப் பார்' என்கிற பட்டன். நான் எதிர்த்துப் பேசும்போதெல்லாம் அதை அழுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நீளமாகச் சொல்ல வேண்டுமென்றால் இடது கையால் தட்டுவார், கம்ப்யூட்டர் படித்துக் காட்டும்.

பின்னணி மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை, கண்ணைக் குத்துகிற மஞ்சள். அதில்தான் கருப்பு எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று அவரே தேர்ந்தெடுத்தார். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் அதில் என் அப்பா பேசினார். சத்தம் சளி பிடித்த ஆள் குரல்போல இருக்கும், ஆனாலும் சொல் அவருடையது. அது இல்லாத மாதங்களில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. அவன் அப்போது வேறு ஊரில் இருந்து வாரம் ஒருமுறை போனில் 'அப்பா எப்படி இருக்கார்' என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு லினக்ஸைக் காட்டியவனே அவன்தான். என்னைவிடக் கெட்டிக்காரன், அதை மறுக்கவில்லை. சின்ன வயதில் யார் டெஸ்க்டாப் அழகு என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும். இன்று ஒன்றை மாட்டி நாளை கழற்றுவோம். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவைக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்களால் முடியாது. நான் தெளிந்துவிட்டேன். அவன் அதையே தொழிலாக்கிக்கொண்டான். ஒரு கம்பெனியில் திரைகளை அழகுபடுத்துவதுதான் அவனுக்குச் சம்பளம்.

அவனும் அண்ணியும் இந்த முறை வந்தது ஒரு தீர்மானத்தோடு. அவர்கள் ஊரில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறதாம். அப்பாவை அங்கே சேர்க்க வேண்டுமாம். 'நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு' என்று போனில் படம் படமாகக் காட்டினான். நான் முடியாது என்றேன். சண்டை முற்றிப் போய்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டோம். அப்பாவின் தம்பி அவர். அவர் ஒருவர் பேச்சைத்தான் அண்ணன் தட்ட மாட்டான். சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்கண்ணன் என்ன சொல்றாரோ அதுதான். அந்த மெஷினை வச்சு அவரே சொல்லட்டும். சனிக்கிழமை வர்றேன்."

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மதியம் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வாசலுக்கே வந்து என் பையை வாங்கிக்கொண்டான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"கட்டெறும்பு, உள்ள வந்து பாரு. ஒரு சர்ப்ரைஸ்."

எனக்குக் கோபம் பொசுக்கென்று வருவதால் வீட்டில் எல்லோருக்கும் நான் கட்டெறும்புதான்.

அப்பாவின் திரையில் மஞ்சள் இல்லை. கருநீல வானமும் பனிமலையும் இருந்தன. கண்ணாடிபோல ஒரு பட்டை, அதில் குட்டிக் குட்டிப் படங்கள், எல்லாம் வலது பக்கம். ஒன்றைத் தொட்டால் அது துள்ளிக் குதித்துப் பெரிதானது. அப்பா மேசைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"புது டெஸ்க்டாப். காலையில உட்கார்ந்து ஒரே மூச்சுல முடிச்சேன். எத்தனை நாளைக்கு அந்த மஞ்சளைப் பாத்துட்டு இருப்பார் மனுஷன்? சித்தப்பா வேற வர்றார், கொஞ்சம் டீசன்ட்டா இருக்க வேண்டாமா?"

"பழசு எங்கே?"

"எடுத்துட்டேன். ரெண்டும் இருந்தா ஒண்ணோட செட்டிங்ஸ் இன்னொண்ணுல மோதும்னு உனக்குத் தெரியாதா? அதான் பழைய ஃபோல்டரையும் சேர்த்துக் காலி பண்ணிட்டேன்."

"பேசுற புரோகிராம்?"

"அது இருக்கும்."

இல்லை. பழைய டெஸ்க்டாப்பை மாட்டும்போது பேச்சு புரோகிராமும் அதோடு ஒட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தது. டெஸ்க்டாப்பைக் கழற்றியதும் லினக்ஸ் தன் வழக்கப்படி கேட்டிருக்கிறது: இவை இனி யாருக்கும் தேவையில்லை, நீக்கிவிடவா? கீழே நீளமாகப் பெயர்கள். எங்களைப் போன்றவர்கள் அந்தப் பெயர்களைப் படிப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்று தட்டிவிடுவோம். வீட்டைக் கூட்டிப் பெருக்கியதுபோல ஒரு திருப்தி வரும். அவனும் தட்டினான். என் அப்பாவின் வாய் அந்தக் குப்பையோடு போய்விட்டது.

"உனக்கு அறிவு இருக்கா? படிச்சுப் பார்த்துத் தொலைக்க மாட்டியா?"

"கத்தாதே. திரும்பப் போட்டா வரப்போகுது. நமக்குத் தெரிஞ்ச வேலைதானே."

"அவருக்கு வலது பக்கம் தெரியாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொன்னேன்? கொண்டுபோய் எல்லாத்தையும் வலது பக்கம் வச்சிருக்கியே, உன்னை என்ன செய்றது?"

"புது டிசைன் எல்லாமே அப்படித்தான் வருது."

அவன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார்.

அண்ணி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். நான் டீயைத் தொடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழைய மூட்டையை இறக்க ஆரம்பித்தேன். நெட் நத்தையாக நகர்ந்தது. என் முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடங்கிவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா, அப்பாவால இப்ப பேச முடியாது. இவன் மெஷினைக் கெடுத்து வச்சிருக்கான்," என்றேன்.

"கெடுக்கல, மாத்தினேன்," என்றான் அண்ணன். "அதை விடுங்க சித்தப்பா. இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. அப்பா நாற்காலியிலேயே போயிட்டார்."

"போயிட்டாரா?"

"ஒண்ணுக்குப் போயிட்டார் மாமா," என்றாள் அண்ணி மெதுவாக. "உடம்பெல்லாம் நனைஞ்சு போச்சு. நாங்கதான் துடைச்சு வேற துணி மாத்தினோம். நாற்காலி மெத்தை இன்னும் பின்னாடி பக்கெட்டுல ஊறிட்டு இருக்கு."

"முன்னாடி இப்படி இல்ல சித்தப்பா. கட்டுப்பாடு போயிடுச்சு. நாளைக்கு இவ வேலைக்குப் போனப்புறம் இப்படி ஆனா யார் பாக்குறது? அதுக்குத்தான் நர்ஸ் இருக்கிற இடம்னு சொல்றேன். நான் என்ன அவரைத் தள்ளிவிடவா பாக்குறேன்?"

எனக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை காலத்தில் ஒரு நாள்கூட அப்பா அப்படிச் செய்ததில்லை. நிஜமாகவே உடம்பு மோசமாகிவிட்டதோ என்று பயம் வந்தது. இவன் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்று நினைத்தபோது அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

சித்தப்பா நாற்காலியை அப்பாவுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, பையன் சொல்றதைக் கேட்டீங்கல்ல? அங்க போய் இருக்கீங்களா?"

அப்பாவின் தொண்டையில் ஏதோ சத்தம் உருண்டது. தலை ஒரு பக்கமாக ஆடியது. சித்தப்பா குனிந்து பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாருங்க, வேண்டாம்னு ஒண்ணும் சொல்லலியே," என்றான் அண்ணன். "மௌனம் சம்மதம்தானே சித்தப்பா."

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வாயை மூடு. அவர் வாயைப் பிடுங்கிப் போட்டுட்டு மௌனம் சம்மதம்ங்கிறியா? வெட்கமா இல்ல? இன்னொரு வார்த்தை பேசினே, அண்ணன்னுகூடப் பாக்க மாட்டேன்."

"சித்தப்பா, இவ பேசுறதைப் பாருங்க."

"நீ சும்மா இருடா," என்றார் சித்தப்பா. "மெஷின் வரட்டும். நான் காத்திருக்கேன்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். டெஸ்க்டாப் இறங்கியது, குரல் வரவில்லை. அதற்கு எந்தத் துண்டைப் போட்டேன் என்று எனக்கு மறந்துவிட்டது. அவசரத்தில் தப்புத் தப்பாகத் தட்டினேன். அண்ணன் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"நகரு, நான் பண்றேன்."

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

"சரி, தொடல. நீக்கினதோட பேரெல்லாம் லாக் ஃபைல்ல பதிவாகியிருக்கும். அதைத் திற. அந்தப் பேரை அப்படியே போடு."

சரியாகத்தான் சொன்னான். கெட்டிக்காரன் என்று முன்னாலேயே சொன்னேனே. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காலையில் எங்கே அடகு வைத்திருந்தான் என்றுதான் தெரியவில்லை. பெயரைப் பார்த்துப் போட்டேன். குரல் வந்தது. பழைய பட்டன்கள் எதுவும் இல்லை, எல்லாமே அழிந்திருந்தன. மஞ்சள் பின்னணி மட்டும் போட்டு, தட்டுகிற ஜன்னலை இடது பக்கம் ஒட்டி வைத்து, எழுத்தைப் பெரிதாக்கினேன். அப்பாவின் நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பினேன்.

மஞ்சளைப் பார்த்ததும் அவர் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். பிறகு தட்ட ஆரம்பித்தார். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக. அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"வ... ர... வர்றேன்னுதானேப்பா?"

"அவர் முடிக்கட்டும்," என்றேன்.

கம்ப்யூட்டர் பேசியது. "வரமாட்டேன்."

அண்ணன் பெருமூச்சு விட்டான். அப்பாவின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தான். குரலை இறக்கி, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினான். அதைக் கேட்கவே எனக்கு எரிந்தது.

"அப்பா, கோவத்துல சொல்லாதீங்க. உங்களுக்கே தெரியாம காலையில அப்படி ஆயிடுச்சு. அது உங்க தப்பு இல்ல. வயசானா கட்டுப்பாடு போகும்தான். நான் கேவலமா நினைக்கல."

அப்பா அவனைப் பார்க்கவில்லை. திரும்பவும் தட்டினார். இந்த முறை நிறைய நேரம் ஆனது. நடுவில் ஒரு எழுத்து தவறிப்போய் அழித்துவிட்டு மறுபடி போட்டார். யாரும் உதவிக்குப் போகவில்லை. சித்தப்பாவின் டீயில் ஆடை படிந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்," என்றது கம்ப்யூட்டர். "பாத்ரூம் போகணும்னு பட்டனை அழுத்தினேன். அழுத்திக்கிட்டே இருந்தேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். பழைய பட்டன் இருந்த இடத்தில் அந்த நேரம் வெறும் பனிமலைதான் இருந்திருக்கும். அப்பா அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் பக்கத்துலதானேப்பா இருந்தேன்."

அப்பா தட்டினார்.

"பக்கத்துலதான் இருந்தே. என் கையைப் பிடிச்சு நகர்த்திட்டு, நல்லா இருக்காப்பான்னு கேட்டே."

அண்ணன் குந்திய இடத்திலேயே இருந்தான். அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். சித்தப்பா எழுந்து அப்பாவின் தோளில் கையை வைத்து, "சரிண்ணே, நீங்க இங்கேயே இருங்க," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் பின்பக்கம் போனான். குழாயைத் திறக்கிற சத்தமும், பக்கெட்டில் ஊறிய நாற்காலி மெத்தையை அவன் கசக்குகிற சத்தமும் கேட்டன. அதற்கு நடுவே அவன் அழுவதும் கேட்டது. அண்ணி என்னைப் பார்த்தாள், போய் ஒரு வார்த்தை சொல்லேன் என்பதுபோல.

நான் போகவில்லை. எனக்கு அப்பாவின் பட்டன்களை மறுபடி செய்கிற வேலை இருந்தது. எதை முதலில் வைக்கட்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் தட்டிய சொல்லைத் திரையின் இடது மூலையில், இருப்பதிலேயே பெரிதாக வைத்தேன்: பாத்ரூம்.