தூங்குமூஞ்சி மரத்துக் குரல்

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிலைப்படியில் தலை குனிந்து நுழைந்தபோது, "வாங்க, வாங்க" என்று சொல்ல வாயைத் திறந்த மரியசுந்தரம், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். பெண் பார்க்க வருகிறவருக்குக் காலேஜில் உத்தியோகம், பெயர் செபாஸ்டின், தங்கமான குடும்பம் என்று மட்டும்தான் மைத்துனன் சொல்லியிருந்தான். காலேஜ் உத்தியோகம் என்றால் குமாஸ்தாவாக இருக்கும் என்று இவரும் இருந்துவிட்டார். இப்போது பார்த்தால் அந்த அகன்ற தோளும், வெயிலில் கறுத்த பிடரியும், தொப்பி மறைத்த இடம் மட்டும் வெளுத்திருந்த நெற்றியும்... அட ஆண்டவரே, இது மாஸ்டர் அல்லவா! புதுச்சேரி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழுத்தில் விசிலோடு நிற்கிற பந்து மாஸ்டர். இரண்டு வருஷமாக இவர் வாயால் மண்ணாந்தை, மரமண்டை என்று வாங்கிக் கட்டிக்கொள்கிற அதே ஆள்.

நல்லவேளை, மாஸ்டருக்கு இவர் முகம் தெரியாது. மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. சைக்கிளை அதில் சாய்த்துவிட்டு அதன் இருட்டில்தான் மரியசுந்தரம் நிற்பார். சாயங்கால வெயில் மரத்துக்குப் பின்னாலிருந்து அடிக்கும். கிழக்கே டீமோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு மரத்தடியில் நிற்பது ஆளா மாடா என்றுகூடத் தெரியாது. ஆனால் குரல் தெரியும். சங்கராபரணி ஆற்றுக்கு இந்தக் கரையில் நின்று இவர் ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கரையில் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும். அந்தத் தொண்டையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? மரியசுந்தரம் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "தொண்ட... கட்டிக்கிச்சி" என்று காற்றாகச் சொன்னார். காலையில் மோட்டார் கொட்டகையிலிருந்து ஊரே கேட்கக் கத்திக்கொண்டு வந்த மனுஷனை மனைவி லூசி ஒரு பார்வை பார்த்தாள்.

வந்தவர்களுக்கு வடையும் கேசரியும் வைத்துவிட்டு, அவர்கள் பேச்சில் காதில் விழுந்ததை வைத்து லூசி மரியாதைக்குப் பேச்சைத் தொடங்கினாள். "மாப்ள காலேஜ் பசங்களுக்குப் பந்தாட்டம் கத்துத் தராங்களாமே?"

"அத ஏன் கேக்கறீங்க!" என்று மாப்பிள்ளையின் அம்மா வடையைக் கீழே வைத்தாள். கட்டுக்குலையாத, கண்டிப்பான பெண்பிள்ளை. "பெத்தவளாச்சேன்னு ஒரு நாளு ஆசையா பாக்கப் போனேன். எவனோ ஒருத்தன் மரத்தாண்ட நின்னுக்கினு எம் புள்ளய மரமண்டன்றான். அந்தக் கொரலு இன்னும் காதுலயே நிக்குது. அவன் மட்டும் எங்கண்ணுல மாட்டட்டும், அவன் குடும்பத்தையே நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டுதான் மறுவேல."

"உடும்மா" என்று செபாஸ்டின் சிரித்தான். "அந்த ஆளால எனக்கு லாபந்தான். அவன் இன்னா சொல்றானோ அதுக்கு நேர்மாறா செஞ்சா போதும், ஜெயிச்சிடலாம். ஒரே ஒரு தடவ அவன் பேச்சக் கேட்டுப் பின்னாடி ஆடற பையன மாத்தனேன். நாலு கோல் வாங்கிக்கினு வந்தோம்."

அம்மாக்காரி சொன்னது மரியசுந்தரத்துக்கு வலிக்கவில்லை. மகன் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. நேர்மாறாகவா? இத்தனை ஞாயிறும் மழையிலும் வெயிலிலும் சைக்கிள் மிதித்துப் போய் உயிரைக் கொடுத்துச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, நேர்மாறாகவா செய்தான் பாவி? "கில்பர்ட்ட நடுவுக்குக் கொண்டா" என்று எத்தனை தரம் கத்தியிருப்பார்! அந்தக் கில்பர்ட் இன்றைக்கும் இடது கோட்டை ஒட்டியே ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணமா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மகள் செலின் மேரி காபித் தட்டோடு வந்தாள். செபாஸ்டினை ஒரே ஒரு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றாள். பெற்றவருக்கு அது போதும். வாய்க்கு வந்ததைக் கேசரியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

அவர்கள் போனபிறகு செலின் மேரியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை லட்சணம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"அப்பா, கண்ணாலம் முடியற மட்டும் கிரவுண்டுல வாயத் தொறக்காதப்பா. அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிச்சின்னா அவ்ளோதான்."

"நான் இன்னாத்துக்கும்மா தொறக்கப் போறேன்" என்றார் மரியசுந்தரம், காற்றாகவே.

சுபகாரியம் வைக்காத தவக்காலம் வருவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று இரண்டு பக்கமும் பேசி, கோயிலில் ஓலை வாசிக்கக் கொடுத்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார். அதே மூன்று ஞாயிறு சாயங்காலம்தான் காலேஜ் டீமுக்குக் கோப்பைப் போட்டியும் வந்து மாட்டிக்கொண்டது. போகாமல் இருந்து தொலைக்கலாமே என்று லூசி கேட்டாள். கேட்டவளுக்கே பதில் தெரியும். மேற்கொண்டு அவள் வற்புறுத்தவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் டவுன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. அன்றைக்குச் செய்யவேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டு மரியசுந்தரம் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தார். கால் கொண்டுபோய் விட்ட இடம் அந்த மைதானம். மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள், பதினோரு பேர், புல்லில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்து எல்லாம் பொன்னாகக் கிடந்தது. ஒருத்தன் தடுக்கி விழுந்தான். "எழுந்திருடா, எழுந்திரு!" என்று இவர் கத்தினார். விழுந்தவன் எழுந்து ஓடினான். அன்றைக்குத் திறந்த வாய்தான். பிள்ளைகள் படிப்பு முடித்துப் போவார்கள், புதுப் பிள்ளைகள் வருவார்கள், சட்டை மட்டும் அதே மஞ்சள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட இவருக்கு அந்தக் காலேஜ் சொந்தமானது அப்படித்தான்.

வாயை மூடப் பழகவேண்டுமே என்று மரியசுந்தரம் வீட்டிலும் கொல்லையிலும்கூடப் பேசாமல் இருந்து பார்த்தார். முதல் இரண்டு நாள் மூச்சு முட்டியது. அப்புறம் என்னவோ தண்ணீருக்குள் நடமாடுவதுபோல் ஆகிவிட்டது. மாடுகள் கூப்பிடு குரலுக்குக் காத்து நின்று பார்த்துவிட்டுத் தாமாகவே நடந்தன. மத்தியானத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டியோரம் துண்டை விரித்துப் படுத்தால், விழுகிற தண்ணீர்ச் சத்தம் மெல்ல மெல்லக் கூட்டத்தின் இரைச்சலாக மாறும். கரும்புத் தோகைகள் ஒதுங்கும். வரப்பு வரப்பாக மஞ்சள் சட்டைகள் ஓடிவரும். கில்பர்ட் நடுவில் வருவான், சும்மா தோகை விலக்கிக்கொண்டு வருவான் பாருங்கள், அவன் காலில் பந்து ஒட்டிக்கொண்டே வரும். அவனுக்குப் பக்கத்தில் முகம் தெரியாத சின்னப்பையன் ஒருத்தனும் ஓடுவான். அவனுக்குப் பத்து வயசு இருக்கும். மரியசுந்தரம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்ப்பார், பெயர் வைக்கவே இல்லையே என்று நினைவு வரும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, மரத்தடியில் துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்று பார்த்தார். டீம் தட்டுத் தடுமாறி ஒரு கோலில் தப்பித்தது. அடுத்த ஞாயிறு பிப்ரவரி மூன்று, தொண்டை நோய்க்குக் காவலான புனித பிளேசியார் திருநாளாக வந்து சேர்ந்தது. இவருக்குத் தொண்டை போன செய்திதான் ஊரெல்லாம் பரவியிருக்கிறதே. ஆளாளுக்கு மிளகு, சித்தரத்தை, அதிமதுரம் என்று கொண்டுவந்து கொடுத்து முடித்திருந்தார்கள். பூசை முடிந்ததும், "மரியசுந்தரத்த முன்னாடி உடுங்கப்பா" என்று கோயில்பிள்ளை அந்தோணிசாமி வழிவிட்டான். சாமியார் மந்திரித்த இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து இவர் கழுத்தில் வைத்து வேண்டினார். நோவு இல்லாத தொண்டைக்கு வேண்டுதல்! மெழுகின் குளிர்ச்சி பட்டபோது மரியசுந்தரத்துக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. பார்த்தவர்கள், பாவம், வலி தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தால் கோயில் வாசலில் செபாஸ்டின். கல்யாண விஷயமாகச் சாமியாரைப் பார்க்க வந்திருக்கிறான். தூக்கம் இல்லாத முகம்.

"மாமா, தொண்ட எப்படி இருக்குது?"

மரியசுந்தரம் கையை ஆட்டினார்.

செபாஸ்டின் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் பெப்பர்மிட்டை எடுத்து அவர் கையில் வைத்தான். சைக்கிள் மணியைத் தடவினான்.

"உங்களுக்குத் தொண்ட கட்டின நாள்லேர்ந்து அந்த மரத்தாண்ட கத்துற ஆளும் வர்றதில்ல மாமா" என்றான் மணியைப் பார்த்தபடியே. "கிரவுண்டே கம்முனு இருக்குது. யார எங்க போடறதுன்னே எனக்குப் புரிய மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். யதார்த்தமாகச் சொன்னானா, வேண்டுமென்றே சொன்னானா? மரியசுந்தரம் ஒரு பெப்பர்மிட்டை வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். அன்று சாயங்காலம் ஆட்டம் சமமாக முடிந்து, காசைச் சுண்டிப் போட்டதில் காலேஜ் டீம் ஜெயித்தது. அதை ஜெயித்தது என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

மூன்றாவது ஓலை வாசித்த காலை, "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று சாமியார் நிறுத்தியபோது மரியசுந்தரத்துக்கு வியர்த்தது. அந்தத் தடையே நான்தான் சாமி என்று எழுந்துவிடுவோமோ என்று பயந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். புறப்படும்போது செலின் மேரி சைக்கிளைத் துடைத்து நிறுத்தியிருந்தாள். ஓலை வாசித்த பெண் வெளியே போகக் கூடாது. வாசல் வரைக்கும்தான் வந்தாள்.

"அவங்க அம்மாவும் வராங்களாம்பா இன்னிக்கி."

"தெரியும்மா."

"நீ பேசாம வூடே நல்லால்லப்பா" என்றாள். 

வில்லியனூர் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார். கடலூரிலிருந்து வந்த டீம் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கிழக்கே சாமியானாவுக்குக் கீழே, நாற்காலியில், மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கில்பர்ட் இடது கோட்டில் ஓடுகிறான், பந்தை உள்ளே அனுப்புகிறான், வாங்க ஆளில்லை. மறுபடி ஓடுகிறான். பந்து வெளியே போய் ஆட்டம் ஒரு நிமிஷம் நின்றது. அப்போது செபாஸ்டின் எழுந்து கோட்டோரம் வந்தான். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மேற்கே, தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்தான்.

மரியசுந்தரம் துண்டை இன்னும் இறுக்கிக் கடித்தார். என்னைத்தான் பார்க்கிறான். ஐயோ, என்னைத்தான். என்ன சொல்வது? கில்பர்ட்டை நடுவுக்குக் கொண்டா என்றால் நேர்மாறாக இடத்திலேயே விடுவான். இடத்திலேயே விடு என்றால் நடுவுக்குக் கொண்டுவருவான். பொய் சொன்னால் நான் நினைத்தது நடக்கும். ஆனால் நான் நினைத்தது தப்பாக இருந்தால்? இரண்டு வருஷமாகத் தப்பாகத்தானே இருந்திருக்கிறது! எதுவும் சொல்லாமல் இருந்தால் செலினுக்குக் கல்யாணம் ஆகும். அது ஒன்றுதான் நிச்சயம். கோட்டில் கில்பர்ட்டும் மரத்தைப் பார்த்தான். அப்புறம் ஒவ்வொருத்தனாக, மஞ்சள் சட்டைகள் எல்லாமே திரும்பின. வெயில் சாய்ந்து புல்லெல்லாம் பொன்னாகக் கிடந்தது. யாரோ தன்னைக் கூப்பிடுவார்கள் என்று நிற்கிற பிள்ளைகளைப் போல நின்றார்கள்.

துண்டு எப்போது வாயிலிருந்து விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

"அடேய் மரமண்ட மாஸ்டரே! கில்பர்ட்ட நடுவுக்குக் கொண்டாடா!"

மூன்று வாரம் அடைத்து வைத்த குரல். மரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. சாமியானாவுக்குக் கீழே பட்டுச்சேலை எழுந்து நின்றது.

செபாஸ்டின் கண்ணுக்கு மேல் வைத்த கையை இறக்கினான். அம்மாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் கழுத்திலிருந்த விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மரத்தின் பக்கம் பார்த்து, பெரியவர்களுக்கு முன்னால் குனிவதுபோலத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினான். கையைத் தூக்கி, கில்பர்ட்டுக்கு நடு மைதானத்தைக் காட்டினான். நேர்மாறாக இல்லை. சொன்னதைச் சொன்னபடி.

மரியசுந்தரம் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ, நான் சொல்றதப் போயிக் கேக்கறானே" என்று முனகினார். அது அவருக்கே கேட்காத அளவுக்குச் சின்னக் குரலாக இருந்தது. பட்டுச்சேலை நாற்காலிகளைத் தாண்டி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, மரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பந்து வலது கோட்டிலிருந்து உயரமாகக் கிளம்பிவிட்டது. கில்பர்ட் இடது ஓரத்தை விட்டு, வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு, நடுவில், தன்னந்தனியாக, அண்ணாந்து பார்த்தபடி ஓடிவந்துகொண்டிருந்தான்.